நாலாம் கட்டிலின் கிறிஸ்துமஸ் மரம்

எப்சிபா சிஸ்டர் அந்தப் படத்தை நீட்டியபோது சண்முகவடிவு வேண்டாம் என்றுதான் முதலில் தலையை ஆட்டினாள். ஒரு கிறிஸ்துமஸ் மரம், முக்கோணத்தின் மேல் முக்கோணமாக, உச்சியில் நட்சத்திரம், கிளைகளில் தொங்கும் உருண்டைகள், அடியில் ரிப்பன் கட்டிய பெட்டிகள், எல்லாம் வெறும் கறுப்புக் கோடு, உள்ளே ஒன்றுமில்லை. எல்கேஜி பிள்ளைகளுக்குக் கொடுக்கிற படம். "கலர் அடிச்சுக் குடுங்க டீச்சர். இந்த வருசம் வாசல் சுவர் பூரா நம்ம பேஷண்டுகள் அடிச்ச மரம்தான். கூட வந்தவங்களுக்கும் வெளிய குடுத்திருக்கேன்" என்றாள் எப்சிபா. என்னத்தைக் கலர் அடிக்க. இடது கை நீட்டினபடி கிடக்கிறது, முழங்கைக்குக் கீழே இரண்டு ஊசி, ஒன்று வழியாக ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்று வழியாகத் திரும்பி வருகிறது, நடுவில் அந்த மிஷின் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு அவளுடைய ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், பாளையங்கோட்டையில் இந்த மிஷன் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில், இதே நாலாம் கட்டிலில். முப்பது வருசம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள், அவள் விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் படுத்துக் கிடக்கிற நாய்கூட எழுந்து நிற்கும், அவளுக்கு இப்போது ஒரு பொம்மை மரமும் நாலைந்து கலர் பென்சிலும். வேண்டாம் சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். மைதீன் பாய், மேலப்பாளையத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர், எழுபதை நெருங்குகிற மனுஷர், நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பாதி மரம் முடித்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ சுருக்கென்றது. பாய்க்கு முந்திக் கொடுக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் பாய் கொடுத்து நாம் கொடுக்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது. "கொண்டாங்க" என்றாள்.

தாளை அட்டையில் கிளிப் மாட்டி மடியில் வைத்துவிட்டுப் போனாள் எப்சிபா. வலது கையால் அடிக்க வேண்டும், இடது கை அசையக் கூடாது, அதனால் அட்டையைப் பிடிக்க ஆளில்லை, பென்சிலை ஒரு இழுப்பு இழுத்தால் அட்டையும் கூடவே நகர்கிறது. முழங்காலைச் சற்றே தூக்கி முட்டுக்கொடுத்தாள். பச்சை பென்சில் பாயிடம் இருக்கிறது, வார்டுக்கே ஒன்றுதானாம், வருகிறபோது வரட்டும். பழுப்பை எடுத்து அடிமரத்தில் தொடங்கினாள். கோட்டை ஒட்டி, கோட்டைத் தொடாமல். அது கைக்குத் தெரியும். கோடு போட்டே தேய்ந்த கை அல்லவா இது, ஒவ்வொரு விளையாட்டு விழாவுக்கும் முந்தின வாரம் கயிற்றைக் கட்டி இழுத்து, சுண்ணாம்புப் பொடியைத் தகர டப்பாவில் போட்டுத் தட்டித் தட்டி, எட்டு லேன், வளைவு வருகிற இடத்தில் கயிறு தளராமல் ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும், தளர்ந்தால் கோடு வயிறு தள்ளிவிடும், அப்புறம் ஆறாவது லேனில் ஓடுகிறவளுக்கு அநியாயம். கோட்டை மிதிச்சா வெளிய, என்று கத்துவாள். அழுதாலும் வெளியேதான். பேச்சித்தாய் என்று ஒருத்தி, மாவட்டப் போட்டியில் முதலில் வந்தும் வளைவில் கோட்டை மிதித்துவிட்டாள், நடுவர் பார்க்கவில்லை, இவள்தான் பார்த்தாள், இவளே போய்ச் சொன்னாள், தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று பார்க்காமல். ஊரே ஏசியது. அடுத்த வருசம் அதே பேச்சித்தாய் கோட்டை மிதிக்காமல் ஓடி மாநிலத்துக்குப் போனாள், இப்போது சப்-இன்ஸ்பெக்டர், தென்காசிப் பக்கம். அதை நினைக்கையில் நெஞ்சு தானாக நிமிர்ந்தது, நிமிர்ந்ததில் கையிலிருந்த குழாய் லேசாக இழுபட்டது, மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்து அடங்கியது. அசையாதே என்கிறது. மிஷின் இவளுக்கு விசில் ஊதுகிறது.

அடிமரம் முடிந்தது. சுத்தமாக இருந்தது. குளிர்ந்தது. இந்த ஏசியில் ஊர்ப்பட்ட குளிர், அதோடு வெளியே போய்த் திரும்புகிற ரத்தமும் குளிர்ந்துதான் வருகிறதோ என்னவோ, எலும்புக்குள் ஈரத்துணி வைத்தது மாதிரி. தாகம். தாகத்தை நினைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறார், அதற்குமேல் ஒரு மடக்கு கிடையாது, கேட்டால் ஒரு ஐஸ் துண்டைக் கிண்ணத்தில் வைத்து நீட்டுகிறார், அவர். அவர் என்று நினைத்ததும் பென்சில் நின்றது. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்ததே அதைத்தான். இன்றைக்கு முடியுமுன் டாக்டர் பிளாரன்ஸ் வருவார்கள். என்ன டீச்சர், யோசிச்சீங்களா என்பார்கள். எல்லாம் பொருந்தி வந்துவிட்டது, அவருடைய ரத்தம் யாருக்கும் கொடுக்கலாம் என்கிற வகை, ஒரு கிட்னியை எடுத்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லா டெஸ்ட்டும் சொல்லியாயிற்று, மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிடலாம், நீங்கள் சரி என்று சொல்வதுதான் பாக்கி. நாலு நாளாக அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது. சிவப்பை எடுத்தாள். உருண்டைகளுக்குச் சிவப்பு. சிவப்பு வேண்டாம், குழாயில் ஓடுவதும் அதே நிறம்தான். நீலத்தை எடுத்தாள்.

ஆறுமுகநயினார். தபாலாபீஸ் கவுண்டரில் ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்தே ரிட்டையரான மனுஷர். ரத்தத்தைக் கண்டால் ஆகாது, ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கும். கல்யாணமான புதிதில் அவள் காலில் கண்ணாடி குத்தி, குத்தினால் என்ன, பிடுங்கி எறிந்துவிட்டுத் துணியைச் சுற்றப் போனாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நின்ற நிலையில் சரிந்துவிட்டார், காலில் ரத்தம் வடிய வடிய அவள்தான் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளுடைய அம்மா வீட்டில் எத்தனை நாள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஸ்கூட்டர் அவள் ஓட்ட அவர் பின்னால் உட்கார்ந்து வருவார், சமாதானபுரம் முக்கில் பையன்கள் விசிலடிப்பார்கள், அவர் வண்டியின் பின்னாலிருந்து அவர்களுக்குக் கையாட்டுவார். ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டுதா, எனக்கு என்ன குறைச்சல் என்பார். அவளுக்கும் குறையாகத் தெரிந்ததில்லை, உள்ளூரப் பெருமைதான், இந்த வீட்டில் முன்னால் உட்காருகிறவள் நான். பிள்ளை இல்லை என்று டாக்டர் கையை விரித்த அன்றைக்குக்கூட அவர்தான் அழுதார், அவள் அவரைப் பின்னால் உட்கார வைத்து நேரே வீட்டுக்கு ஓட்டிவந்து சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டாள். இங்கே டயாலிசிஸுக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட இந்தக் கதவுக்கு உள்ளே அவர் கால் வைத்ததில்லை. வெளியே பெஞ்சு. போர்வையை மடித்து எப்சிபா கையில் கொடுத்துவிட்டு, உள்ள என்னால முடியாது வடிவு, ஆனா இங்கதான் இருப்பேன், என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார் என்று எப்சிபா சொல்வாள்.

அந்த மனுஷர்தான். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஒரு நாள் வந்து நின்றார். என்ன என்றதற்கு அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றார். நம்பினாள், நம்பாமல் என்ன, அலமாரிக் கதவு இடிக்கக்கூடிய ஆள்தான். போன வாரம் எப்சிபா ஊசி குத்திக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள், டீச்சர், சார் கெட்டி ஆளுதான், லேபுல முதல் நாள் ஊசியைப் பாத்ததும் விழுந்து நாற்காலியில நெத்தியை இடிச்சிக்கிட்டாக, நாங்க பயந்துட்டோம், மறுநாள் தானாவே வந்து, என்னைப் படுக்க வச்சு எடுத்துக்கிடுங்க, முகத்துல ஒரு துண்டைப் போட்டுருங்கன்னு சொல்லிப் படுத்துட்டாக, அதுக்கப்புறம் எத்தனை டெஸ்ட்டு, எல்லாத்துக்கும் தன் துண்டோட வந்துட்டாக. உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? தெரியாது. தெரியாது என்பதுதான் முதலில் குத்தியது. அவளுக்கு வந்தது கண்ணீர் இல்லை, கோபம். என்னிடம் கேட்காமல். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம். எப்சிபா போனபிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், அந்தத் துண்டு கண்முன் வந்து வந்து நின்றது, பச்சைக் கரை போட்ட அந்தப் பழைய துண்டுதான், அதை முகத்தில் போட்டுக்கொண்டு கையை மட்டும் நீட்டி, அடியில் மனுஷருக்கு வேர்த்து வழிந்திருக்கும், வாய்க்குள் எதையாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பார், என்ன சொல்லியிருப்பார், சாமி பேரா, அல்லது. அதற்குமேல் போக விடவில்லை, மனதை அங்கேயே நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போய் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்த, உப்பில்லாத புடலங்காயைப் பரிமாறினார், தனக்கும் அதையே போட்டுக்கொண்டார். அவர் தட்டிலும் உப்பில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். எத்தனை மாதமாக இப்படி? உங்களுக்கென்ன, உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதானே என்று அதட்டினாள். ரெண்டு சட்டியா வைக்க சோம்பலா இருக்குட்டி என்றார்.

நீல உருண்டைகள் முடிந்தன. மஞ்சளை எடுத்து நட்சத்திரத்துக்கு வந்தாள், ஐந்து முனையும் கூராக இருக்க வேண்டும், பென்சில் மொட்டையாக இருந்தது, திருப்பித் திருப்பி நுனியின் விளிம்பால் அடித்தாள். சரி என்று சொல்ல ஏன் வரவில்லை? அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம். ஆமாம், அது உண்டு. மயக்க மருந்தே அவரைக் கொண்டுபோய்விடும், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார், வெளியே வந்து அவர் கிட்னியால் அவள் மட்டும் மூத்திரம் பெய்துகொண்டு உயிரோடு இருப்பாள், எதற்கு. அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று கிடக்கிறது, அதன் மேல் கால் படும்போதெல்லாம் மனசு துள்ளி விலகுகிறது. யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை வடிவு. கொடுத்தவள். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அந்தத் தம்பி, உடம்புக்கு என்ன என்று போன் செய்தவன், கிட்னி என்று கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான், போகட்டும், அவனிடமும் அவள் கேட்கவில்லையே, அவனாகத்தான் பயந்தான். கேட்காமல் இருந்தோம் என்பதே அவளுக்கு இத்தனை நாள் பெரிய கௌரவமாக இருந்தது. இப்போது இவரிடம் வாங்கினால். வாங்கினால் என்ன? நட்சத்திரத்தின் மூன்றாவது முனை. வாங்கினால் அவர் பெரியவராகிவிடுவார். இதுதான். சொல்லியாயிற்று. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த மனுஷர் ஒரே எட்டில் அவளைத் தாண்டி எங்கேயோ போய்விடுவார், எந்தக் காலத்திலும் ஓடிப் பிடிக்க முடியாத தூரத்துக்கு, அதுவும் ஓடவே தெரியாத மனுஷர். சீ, இது ஒரு நினைப்பா, சாகிற காலத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று தன்னையே ஏசினாள். ஏசினாலும் அது போகவில்லை, அங்கேயே கிடந்தது. நான்காவது முனை. நட்சத்திரம் சற்று மங்கலாகத் தெரிந்தது. மஞ்சள் போதவில்லை என்று அழுத்தினாள், இன்னும் மங்கியது, தாள் முழுக்கச் சாம்பல் ஏறியது, காதுக்குள் மழை பெய்கிற இரைச்சல், பென்சில் விரலைவிட்டு எங்கேயோ போனது.

பி.பி. இறங்குகிறது, அவளுக்குத் தெரியும், இதற்கு முன்னும் இறங்கியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசித் தடவை மாதிரி இருக்கிறது. வலது காலின் ஆடுசதை முறுக்கிக்கொண்டு கல்லாக நின்றது. ஓடுகிற காலத்தில் பிடிக்காத நரம்பு இப்போது பிடிக்கிறது. "சிஸ்டர், டீச்சரப் பாருங்க" என்று மைதீன் பாயின் குரல், "இங்க வாங்கம்மா சீக்கிரம்." கட்டிலின் தலைமாடு கீழே இறங்கியது, கால் மேலே போனது, எப்சிபா பாதத்தைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள், ஒண்ணுமில்ல டீச்சர், மூச்ச இழுத்து விடுங்க. மூச்சை இழுத்துவிடு என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். இழுத்துவிட்டாள். கல்லூரி மைதானம் தெரிந்தது. எதற்கு அது இப்போது. பெண் பார்க்க வந்தவர், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்க தடை தாண்டி ஓடுவீங்களாமே, நான் ஒரு நாள் வந்து பாக்கலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார், வீடே திகைத்துப்போனது, சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்குப் பதில். சொன்ன மாதிரியே வந்தார். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றார். அவள் ஓடி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பாத்தீங்களா என்றாள். பாத்தேன், ஆனா ஒவ்வொரு தடையும் வரும்போது கண்ண மூடிக்கிட்டேன், நடுவுல ஓடுனதத்தான் பாத்தேன் என்றார். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த இடத்தில்தான் அவள் முடிவு செய்தாள். அதை எப்படி மறந்தோம்? பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்த வருசங்களுக்கு அடியில் அது கிடந்திருக்கிறது. பயந்தார், ஆனால் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். கண்ணை மூடி மூடித் திறந்தாலும் அவர் அங்கிருந்து போகவில்லை. கால் மெல்லத் தளர்ந்தது. இரைச்சல் விலகி மிஷினின் முனகல் திரும்பக் கேட்டது. "இப்ப எப்படி இருக்கு?" என்றாள் எப்சிபா. "பென்சில் எங்க?" என்றாள் சண்முகவடிவு.

எப்சிபா கட்டிலைப் பழையபடி நிமிர்த்திவிட்டு, சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மைதீன் பாய் பச்சையை எட்டி நீட்டினார். "இந்தாங்க டீச்சர். நான் முடிச்சாச்சு. ஆனா என்னுதவிட உங்களுதுதான் சுத்தம்." அவர் மரத்தைத் திருப்பிக் காட்டினார், கிளைக்கு ஒரு அழுத்தத்தில் பச்சை, உருண்டையெல்லாம் ஒரே ஊதா, நடுவில் தன் பேரக்குழந்தைகளின் பெயர்களை வேறு எழுதி வைத்திருந்தார். "நல்லாத்தான் இருக்கு பாய்" என்றாள், மெய்யாகவே நன்றாக இருந்தது. பச்சையை எடுத்தாள். உச்சி முக்கோணத்திலிருந்து இறங்க வேண்டும், ஒரே திசையில், மேலிருந்து கீழாக, அழுத்தம் மாறாமல். கை இன்னும் நடுங்கியது, நடுங்கட்டும், கோட்டுக்கு அருகே வரும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு அடுக்கு. இரண்டு அடுக்கு. வெற்றுத் தாளில் பச்சை ஏற ஏற அவளுக்கு ஒரு சந்தோஷம், சின்னப்பிள்ளைத்தனமான ஒன்று, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டாள். அவர் பெரியவராகட்டுமே. அவர் எப்போது சின்னவராக இருந்தார்? சின்னவராக வைத்திருந்தது யார்? மூன்றாம் அடுக்கின் ஓரத்தில் பச்சை ஒரு மயிரிழை கோட்டைத் தாண்டியது. அவள் அழிப்பானைத் தேடவில்லை. அப்போதுதான் வார்டின் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

முதலில் ஒரு கை தெரிந்தது, கையில் ஒரு தாள். அப்புறம் நெற்றி. ஆறுமுகநயினார் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி வாசற்படியிலேயே நின்றார். எப்சிபா அவரைப் பார்த்துவிட்டு, அவளும் அப்படியே நின்றாள். அவர் கண் முதலாம் கட்டிலின் மிஷினுக்குப் போனது, அதில் சுழல்கிற சிவப்புக் குழாய்க்குப் போனது, சட்டென்று விலகித் தரைக்கு வந்தது. விழப் போகிறார் என்று நினைத்தாள் சண்முகவடிவு. எழுந்து பிடிக்க முடியாது, கையில் ஊசி இருக்கிறது, விழுந்தால் விழுந்ததுதான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதலாம் கட்டில், இரண்டாம் கட்டில், மைதீன் பாய் கால்களை இழுத்து வழிவிட்டார், நாலாம் கட்டிலின் கம்பியைக் கையால் தொட்டதும்தான் நிமிர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"எதுக்கு உள்ள வந்தீங்க?" என்றாள்.

"மஞ்சள் இல்ல."

"என்னது?"

"வெளிய மஞ்சள் பென்சில் இல்ல வடிவு. எல்லாம் அடிச்சிட்டேன், நட்சத்திரம் மட்டும் பாக்கி. உள்ள இருக்கும்னு சொன்னாங்க." தாளை அவள் பக்கம் திருப்பினார். அவரும் ஒரு மரம் அடித்திருந்தார். அடித்திருந்தார் என்றால், பச்சை மரத்துக்கு வெளியே நாலு பக்கமும் வழிந்து கிடந்தது, பெட்டிகளின் சிவப்பு தரை முழுக்க ஓடியிருந்தது, ஒரு உருண்டைகூட உருண்டையாக இல்லை. முப்பத்தைந்து வருசம் ஸ்டாம்ப்பை ஓரம் பிசகாமல் கிழித்த கை.

"கோடெல்லாம் தாண்டியிருக்கீங்க."

"தாண்டிட்டேன்லா" என்றார், ரொம்பத் திருப்தியாக. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கை நடுங்கிட்டு. உள்ள வரணும் உள்ள வரணும்னு காலையில இருந்தே நினைச்சிக்கிட்டே அடிச்சேன், அதான்."

"மஞ்சள சிஸ்டர்கிட்ட கேட்டா கொண்டாந்து குடுத்திருப்பாங்களே."

"குடுத்திருப்பாங்க." அவர் ஊசிகள் இருந்த அவளுடைய இடது கையைப் பார்த்தார். விலகவில்லை. இமை படபடத்தது, ஒரு முறை மூடியது, திறந்தது, மறுபடி அங்கேயே பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார் மெல்ல. "நான் என்னென்னமோ நினைச்சிருந்தேன். வலிக்குதா?"

"குத்தும்போது மட்டும்." அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள். "அலமாரிக் கதவு இடிச்சிட்டுன்னு சொன்னீங்களே."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எப்சிபா சொல்லிட்டாளா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. வேண்டாம்னு நீ சொல்லிட்டா அதுக்குமேல உன்கிட்ட யாரு பேச முடியும்? அதான் எல்லாத்தையும் முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள டாக்டர் முந்திக்கிட்டாங்க."

"மதுரையில இதவிட பெரிய ஊசியெல்லாம் போடுவாங்க. வயித்தக் கிழிப்பாங்க. பயமா இல்லையா?"

"இருக்கு. இல்லாம என்ன?" அவர் கட்டில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஆனா எப்படியும் மயக்கம் குடுத்துத்தான செய்வாங்க. நான் அதுக்கு முந்தியே மயங்கிருவேன், அவங்களுக்கு மருந்து மிச்சம்."

மைதீன் பாய்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எப்சிபா. சண்முகவடிவு சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், வயிறு குலுங்கியது, மிஷின் கீச்சென்றது, அதையும் மீறிச் சிரித்தாள், சிரித்து முடிக்கையில் கண்ணில் தண்ணீர் நின்றது, வலது கையில் பென்சில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அவர் துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கு அது தெரியும், அவள் கண்ணைப் பிறர் துடைப்பது அவளுக்குப் பிடிக்காது. எப்பேர்ப்பட்ட ஆள் இது என்று நினைத்தாள். பயமே இல்லாதவள் அவள், அதனால் அவள் தாண்டின எதுவும் அவளுக்குப் பெரிதாக இருந்ததில்லை, தடையோ, மேடையோ, ஊர்ப்பேச்சோ, எல்லாம் போகிற போக்கில் தாண்டினவை. இந்த மனுஷர் வெளி பெஞ்சிலிருந்து இந்தக் கட்டில்வரை நடந்த நடையை அவள் ஒரு நாளும் நடந்ததில்லை. அப்படி நினைத்ததும் எது நொறுங்கும் என்று நாலு நாளாகப் பயந்தாளோ அது நொறுங்கவில்லை. மாறாக நெஞ்சு நிறைந்தது, பேச்சித்தாய் மாநிலத்துக்குப் போன அன்றைக்கு நிறைந்த மாதிரி, அதைவிடவும். எனக்கு வாய்த்தவர். நான் பார்த்து, நானே முடிவு செய்து, கட்டிக்கொண்டவர்.

டாக்டர் பிளாரன்ஸ் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நாலாம் கட்டிலுக்கு வந்ததும் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். "அட, சார் உள்ளயா! என்ன டீச்சர், யோசிச்சீங்களா?"

சண்முகவடிவு மடியிலிருந்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தலையணையில் முதுகை நிமிர்த்தினாள். வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கிற குரல் அவளுக்கு இன்னும் இருந்தது, மாதக்கணக்கில் அதை எடுக்கவில்லை, இப்போது எடுத்தாள்.

"இவுக என் வீட்டுக்காரர், டாக்டர்."

"தெரியுமே டீச்சர்."

"உங்களுக்குத் தெரியாது. எனக்கே சரியாத் தெரியாது. ஊசியைக் கண்டா விழுந்துருவாக. விழுந்து எழுந்திரிச்சு மறுபடி வந்து கைய நீட்டியிருக்காக, ஒரு தடவை இல்ல, நீங்க கூப்பிட்ட அத்தனை தடவையும். இன்னைக்கு இந்த வார்டுக்குள்ள நடந்து வந்திருக்காக." மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டாள். "இவுக குடுக்காக. நான் வாங்கிக்கிடுதேன். மதுரைக்கு நாள் குறிச்சிருங்க."

டாக்டர் அவள் தோளில் ஒரு முறை கை வைத்தார்கள். மைதீன் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெதுவாக. எப்சிபா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ ஒரு பஞ்சை எடுத்து வைத்தாள். ஆறுமுகநயினார் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார், அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் இப்போது இறங்கிக்கொண்டிருந்தது, உதட்டுக்கு மேலே வேர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது.

"வடிவு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நான் கொஞ்சம் உக்காந்துக்கிடட்டுமா?"

அவள் இரண்டு கால்களையும் மடக்கி, கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள்.